தண்டனையைப் பாடசாலைக்கு விடுங்கள், பிள்ளையை விடாதீர்கள்

கேள்வி: என் மகன் தரம் 8இல் படிக்கிறான். சண்டை, ஆசிரியரை எதிர்த்துப் பேசுவது என்று வாரம் ஒருமுறையாவது பாடசாலையிலிருந்து அழைப்பு வருகிறது. கணவர் இல்லை. கூலி வேலைக்குப் போகிறேன். பாடசாலைக்குப் போனால் அன்றைய சம்பளம் போய்விடும். 2009இல் இடப்பெயர்வோடு என் படிப்பு நின்றுபோனதால் ஆசிரியர்கள் முன்னால் பேச வாய் வராது. போன மாதம், 'கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள்' என்று அதிபரிடம் சொல்லிவிட்டு வந்தேன். மகன் பக்கத்தில்தான் நின்றான். அதன்பிறகு என்னுடன் சரியாகப் பேசுவதில்லை. இனி எல்லாவற்றையும் பாடசாலையே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா?
– ஒரு தாய், தர்மபுரம்

பதில்: தங்கச்சி, விட்டுவிடாதீர்கள்.

'தோலை உரியுங்கள்' என்பது ஆசிரியருக்கு மரியாதை காட்ட நம் பெற்றோர் காலங்காலமாகச் சொல்லிவந்தது. உங்கள் மகன் காதில் அது 'அம்மாவும் என் பக்கம் இல்லை' என்று விழுந்திருக்கிறது. அடிப்பதற்கு அனுமதி கொடுக்க உங்களாலும் முடியாது. கல்வி அமைச்சு 2005இலும் மீண்டும் 2016இலும் சுற்றறிக்கை விட்டு உடல் தண்டனையைத் தடுத்திருக்கிறது. அதனால் மகனையும் கூட்டிக்கொண்டு போய் அதிபரிடம் சொல்லுங்கள்: "சேர், அன்று ஆத்திரத்தில் சொல்லிவிட்டேன். அவனை அடிக்க வேண்டாம். வேறு எந்தத் தண்டனை கொடுத்தாலும் நான் குறுக்கே நிற்கமாட்டேன்." சொன்னபடியே குறுக்கே நிற்காமலும் இருங்கள். அங்கே தண்டனை முடிந்தால் முடிந்ததுதான். வீட்டில் இரண்டாவது தண்டனை வேண்டாம்.

சம்பளம் போகும் விஷயத்தை வகுப்பாசிரியரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். ஒரு 40 பக்கக் கொப்பியைக் கொடுத்து, வெள்ளிக்கிழமை தோறும் இரண்டு வரி எழுதித் தரும்படி கேளுங்கள்: என்ன குழப்படி செய்தான், என்ன நன்றாகச் செய்தான். இரண்டாவது வரி கட்டாயம் இருக்க வேண்டும். யாருக்காவது காயம், அல்லது பாடசாலையை விட்டே போய்விட்டான் என்றால் மட்டும் உடனே அழைக்கட்டும். முறைப்பாடு எதுவும் இல்லாத ஒரு நாளிலும் ஒருமுறை போய்வாருங்கள்.

எந்த நாள், எந்தப் பாடவேளை, சண்டைக்குச் சற்று முன் என்ன நடந்தது என்று கேட்பதற்குப் படிப்புத் தேவையில்லை. நான் படிப்பித்த காலத்தில் ஒரு பையன் திங்கட்கிழமைகளில் மட்டும் சண்டை பிடிப்பான். அவனை முரடன் என்றே எழுதிவைத்திருந்தேன். அவனுடைய தாய் கையெழுத்துப் போடவே தயங்குபவர். அவர்தான் வந்து, "ஏன் ரீச்சர் திங்கட்கிழமை மட்டும்?" என்று கேட்டார். திங்கட்கிழமை முதற்பாடத்தில்தான் நான் பணம் கட்டாதவர்களின் பெயரை வாசித்து எழுப்பி நிறுத்துவேன். அவன் ஒவ்வொரு வாரமும் எழுந்து நின்றான். இடைவேளையில் யாராவது அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவன் கை நீட்டுவான். பெயர் வாசிப்பதை அன்றோடு நிறுத்தினேன். அந்தத் தாய் வராமல் இருந்திருந்தால் அவனை நான் பாடசாலையை விட்டே அனுப்பியிருப்பேன். இன்று நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது.

கொப்பியில் ஒரு தவணை பார்த்தும் மாற்றம் இல்லையென்றால், பாடசாலையின் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியரையும் பிரதேச செயலகத்தில் உள்ள உளவளத்துணை உத்தியோகத்தரையும் சந்தியுங்கள்.

அதிபரிடம் போவதற்கு முன், இன்றிரவு சோறு போட்டுக் கொடுத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்காருங்கள். ஏன் சண்டை பிடித்தாய் என்று தொடங்க வேண்டாம். "நான் அன்று அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லுங்கள். அவன் பதில் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகலாம். போகட்டும்.