எம்சிவி 112, பாதத்தில் மதமதப்பு: ஃபோலிக் ஆசிட் மட்டும் போதுமா?

அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 9, எம்சிவி (சிவப்பணுக்களின் சராசரி அளவு) 112, பாதங்களில் மதமதப்பு, ஃபோலிக் ஆசிட் மாத்திரை மட்டும் தந்திருக்கிறார்கள் என்கிறீர்கள். அந்த மதமதப்புதான் எனக்கு உறுத்துகிறது. எம்சிவி 100-ஐத் தாண்டினால் சிவப்பணுக்கள் பெருத்துவிட்டன என்று அர்த்தம். வைட்டமின் பி12, ஃபோலேட் (ஃபோலிக் ஆசிட் மாத்திரை ஈடுகட்டும் சத்து) எது குறைந்தாலும் அப்படி ஆகும். ஆனால் நரம்புத் தொல்லை பி12 பக்கம் கைகாட்டுகிறது. அது குறைந்திருக்கும்போது ஃபோலிக் ஆசிட் மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறியதுபோலத் தெரியும், நரம்புச் சேதமோ உள்ளே தொடரும். தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் பேசி பி12 அளவு பாருங்கள். மில்லிலிட்டருக்கு 200–300 பிகோகிராம் என்று இரண்டுங்கெட்டானாக வந்தால் மெத்தில்மலோனிக் அமிலப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்: பி12 குறைவில் அது ஏறும், ஃபோலேட் குறைவில் ஏறாது. (சிறுநீரகம் பழுதானாலும் ஏறும்.) ஹோமோசிஸ்டீன் என்ற இன்னொரு பரிசோதனை இரண்டு குறைவிலும் ஏறுவதால் பிரித்துக் காட்டாது. அப்புறம், அம்மா வெகுநாளாக மெட்ஃபார்மின் (சர்க்கரை நோய் மாத்திரை) சாப்பிடுகிறாரா? அதுவும் பி12-ஐக் குறைக்கலாம்.