ஸ்டெப்ஸா இல்லையா? ட்ராவலிங், ஜம்ப் பால் கேள்வி பதில்

பாஸ்கெட்பாலில் ட்ராவலிங் (பந்தைக் கையில் வைத்துக்கொண்டு விதியை மீறிக் காலை நகர்த்துவது, பேச்சுவழக்கில் 'ஸ்டெப்ஸ்'), ஜம்ப் பால் (ரெஃப்ரி மேலே வீசும் பந்துக்கு இருவர் குதிப்பது) பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இப்போது பதில். நான் விசில் ஊதுவது சர்வதேச பாஸ்கெட்பால் கூட்டமைப்பான ஃபீபாவின் விதிப்படி, அதனால் டிவியில் பார்க்கும் அமெரிக்க லீக் என்பிஏவோடு சில இடங்களில் ஒத்துப்போகாது.

கேள்வி: என் பையன் லே-அப் (ஓடிவந்து கூடைக்குப் பக்கத்தில் போடும் ஷாட்) போகும்போது மூன்று ஸ்டெப் வைக்கிறான். எதிர் பெஞ்ச் முழுக்க "சார், ஸ்டெப்ஸ்!" என்று கத்துகிறது, ரெஃப்ரி கண்டுகொள்வதே இல்லை. யார் சரி?

பதில்: பெரும்பாலும் ரெஃப்ரிதான். நீங்கள் காலை எண்ணுகிறீர்கள், நாங்கள் முதலில் கையைப் பார்க்கிறோம். டிரிபிளை (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போவதை) முடித்துப் பந்தை அள்ளும் நொடியில் ஏற்கெனவே தரையில் இருக்கிற கால் கணக்கில் வராது. அதற்கப்புறம் தரையைத் தொடுகிற கால்தான் ஒன்று, அடுத்தது இரண்டு. அள்ளும்போது வலது கால் தரையில் இருக்கிறது, பிறகு இடது, வலது, ஷாட் என்று போனால் கேலரியில் இருப்பவருக்கு மூன்று, விதிக்கு இரண்டு. 2017 அக்டோபரிலிருந்து ஃபீபா இதை இப்படித்தான் பார்க்கிறது. புதுச் சலுகை என்று சிலர் கோபப்படுகிறார்கள், ஆனால் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித் 1891இல் எழுதிய 13 விதிகளிலேயே, பந்தோடு ஓடக்கூடாது என்று சொன்ன கையோடு, வேகமாக ஓடிவந்து பிடிப்பவனுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்றும் இருக்கிறது.

கேள்வி: நின்ற இடத்தில் பந்து வாங்கி டிரைவ் ஆரம்பித்தாலே எனக்கு விசில் வருகிறது. இரண்டு ஸ்டெப் கூட வைக்கவில்லையே!

பதில்: இங்கே ஸ்டெப் கணக்கே கிடையாது, பிவட் கால்தான், அதாவது தரையில் ஊன்றியபடி இருக்க வேண்டிய கால். இடது கால் பிவட் என்று வையுங்கள். வலது காலை நீட்டிப் பாய்கிறீர்கள், பந்து இன்னும் இடுப்புப் பக்கம் கையிலேயே இருக்கிறது, அதற்குள் இடது ஷூவின் நுனியும் தரையை விட்டுவிட்டது. அவ்வளவுதான், விசில். குதிகால் மட்டும் எழும்பினால் பரவாயில்லை. டிரிபிள் என்றால் பந்து முதலில் கையை விட வேண்டும், கால் அப்புறம். பாஸுக்கும் ஷாட்டுக்கும் அப்படி இல்லை, பிவட் காலைத் தூக்கிக் குதிக்கலாம், கால் திரும்பத் தரையைத் தொடுவதற்குள் பந்து போய்விட்டால் போதும்.

கேள்வி: பந்தோடு வழுக்கி விழுந்தால்?

பதில்: விழுந்து சறுக்குவது தவறில்லை. பந்தை வைத்துக்கொண்டே உருண்டால் அல்லது எழப் பார்த்தால் ட்ராவலிங். ஆரம்ப காலத்தில் ஒரு பள்ளி மேட்சில், ஒரு பையன் சறுக்கியதற்கே ஊதிவிட்டேன். பார்க்க அலங்கோலமாக இருந்தது, கை தானாக விசிலுக்குப் போய்விட்டது. அலங்கோலத்துக்கெல்லாம் விதியில் தண்டனை இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

கேள்வி: ஹெல்ட் பால் (இரு டீமும் ஒரே பந்தைப் பிடித்துக்கொள்வது) எப்போது? சில ரெஃப்ரி தொட்டதும் ஊதுகிறார்கள்.

பதில்: தொட்டால் போதாது. இரண்டு டீமின் கையும் பந்தில் உறுதியாக இருந்து, முரட்டுத்தனம் இல்லாமல் யாராலும் பிடுங்க முடியாது என்ற நிலை வர வேண்டும். சின்னப் பிள்ளைகள் மேட்சில் நான் சீக்கிரம் ஊதுவேன், முழங்கை சுழல ஆரம்பித்தால் அப்புறம் மூக்கு உடையும். ஷாட்டுக்குக் குதித்தவனின் பந்தை டிஃபெண்டர் சரியாகப் பிடித்து, இருவர் கையும் பந்தில் இருக்கும்போதே ஷூட்டர் தரைக்கு வந்தாலும் ஹெல்ட் பால்தான், ட்ராவலிங் இல்லை.

கேள்வி: அப்படியானால் பந்து யாருக்கு?

பதில்: ஸ்கோர் எழுதும் டேபிளில், அடுத்த முறை யாருக்கு என்று காட்டும் அம்பு எந்தப் பக்கமோ அவர்களுக்கு. ஆட்டத்தின் தொடக்க ஜம்ப்புக்குப் பிறகு முதலில் பந்து கிடைக்காத டீமின் பக்கம் அம்பு போகும். அதன்பின் ஒவ்வொரு முறையும், த்ரோ-இன் பந்தை (கோட்டுக்கு வெளியே இருந்து போடும் பந்தை) உள்ளே ஒரு ஆட்டக்காரர் தொட்டதும் அம்பைத் திருப்ப வேண்டும். டேபிளில் பாதிப் பேர் ரெஃப்ரி விசில் அடித்ததுமே திருப்பிவிடுகிறார்கள். த்ரோ-இன் நேரத்தில் ஃபவுல் நடந்தால் அந்த டீமின் முறை போகாது, ஆனால் அம்பு ஏற்கெனவே திரும்பியிருக்கும், அங்கேதான் சண்டை. என்பிஏவில் அம்பே கிடையாது, இருவரும் திரும்பக் குதிக்க வேண்டும்.

கேள்வி: தொடக்க ஜம்ப்பில் தட்டிய பந்தையே இருவர் ஒன்றாகப் பிடித்துவிட்டால்? அம்பு எந்தப் பக்கமும் இல்லையே.

பதில்: நல்ல கேள்வி, பரீட்சையில் கேட்பது. இன்னும் யாரிடமும் பந்து போகவில்லை, அதனால் அம்புக்கு வேலை இல்லை. நடு வட்டத்துக்கே திரும்பிப் போய் இன்னொரு ஜம்ப். குதிப்பது முதலில் குதித்த உயரமான இருவர் அல்ல, பந்தைப் பிடித்த அந்த இருவர்தான்.