கண்ணாடியில் மோதிய ஆறுமணிக்குருவி

கேள்வி: காட்பாடியை ஒட்டிய கழிஞ்சூரில் மாடி வீடு. ஐப்பசி மழைக்கு நடுவே ஒரு விடியற்காலையில் ஜன்னல் கண்ணாடியில் மோதி ஒரு பறவை விழுந்தது. பச்சை முதுகு, இறக்கையில் நீலம், அடிவயிற்றில் சிவப்பு, வால் இருந்தும் இல்லாத மாதிரி. அரைமணி நேரத்தில் எழுந்து பறந்துவிட்டது. பக்கத்துத் தெருவில் பறவை விற்பவர், "அது வெளிநாட்டுக் கிளி. இன்னொன்று விழுந்தால் கூப்பிடுங்கள், 3,000 ரூபாய் தருகிறேன்" என்கிறார். கொடுக்கலாமா? இல்லை, நாங்களே வளர்க்கலாமா?

பதில்: இரண்டும் கூடாது. அது கிளியே இல்லை, ஆறுமணிக்குருவி. காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் இரட்டை விசிலாகக் கூவுவதால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிறது, இலங்கைவரைகூடப் போகும். பயணம் இரவில். களைத்து இறங்கும் நேரத்தில் விளக்கு வெளிச்சமும் கண்ணாடியில் தெரியும் மரமும் அதை ஏமாற்றிவிடுகின்றன.

அடுத்த முறை விழுந்தால், துணியால் மூடி எடுத்து, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிக்குள் வைத்து, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். அலகைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். அரிசி, பால் எதுவும் வேண்டாம், அது சருகைக் கிளறிப் புழு பூச்சி தின்கிற பிராணி. தெளிந்ததும் பக்கத்திலேயே மரமும் சருகும் உள்ள தோட்டத்தில் பகலில் விடுங்கள். அமிர்திக் காடுவரை தூக்கிக்கொண்டு போக வேண்டாம். இறக்கை தொங்கினாலோ, பூனைப் பல் பட்டிருந்தாலோ, காயம் எவ்வளவு சிறிதானாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

இப்போது அந்த வியாபாரி. "வெளிநாடு" என்பது இந்தத் தொழிலின் மந்திரச்சொல். வயலில் பிடித்த சில்லை என்ற சின்னக் குருவிக்குச் சாயம் ஏற்றி, வெளிநாட்டுக் குருவி என்று பெயர் மாற்றி விற்பதும் இதே கூட்டம்தான். உங்கள் வீட்டில் விழுவதை 3,000 ரூபாய்க்கு வாங்குகிறவர் என்ன விலைக்கு விற்பார் என்று யோசித்துப் பாருங்கள். அதைவிட, மாட்டிக்கொண்டால் முதலில் யார் பெயரைச் சொல்வார் என்றும் யோசியுங்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் விற்றவரையும் பிடிக்கும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அதை வைத்துத்தான் எல்லாக் குழப்பமும். கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கிறார்களே, அவை ஆஸ்திரேலியாவையும் ஆப்பிரிக்காவையும் சேர்ந்த இனங்கள். தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்தவை. அவற்றை வளர்க்கலாம். கவனியுங்கள், தூரத்திலிருந்து வந்தது என்பதற்காக அல்ல, நம் காடுகளில் இல்லாத இனம், அதுவும் கூண்டில் பிறந்தது என்பதற்காக. இந்த மாதம் சதுப்பேரிப் பக்கம் மின்கம்பியில் வரிசையாக உட்காரும் தகைவிலானும், ஈரத்தரையில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் வாலாட்டியும் இமயத்துக்கு அப்பாலிருந்துகூட வருகின்றன. நிஜமான வெளிநாடு! ஆனாலும் தொடக் கூடாது. நம் ஊர்ப் பச்சைக்கிளியும் கூடாது, ஜோசியக்காரர் வைத்திருந்தாலும்.

இன்னொன்று: காட்டுப் பறவை கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் வனத்துறையிடமோ காவல் நிலையத்திலோ தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். ஒரு மணி நேரத்தில் பறந்துவிட்டதற்காக யாரும் உங்களைத் தேடி வரப்போவதில்லை. அடிபட்டு வீட்டில் தங்கினால் உடனே சொல்லுங்கள், தேதியும் நேரமும் குறித்து வையுங்கள். சொன்னால் என்ன நடக்கும் என்று கேட்காதீர்கள். ஒருமுறை காயம்பட்ட கீச்சானோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "இது எங்கள் சரகம் இல்லை" என்று மேசை மேசையாக அனுப்பினார்கள். மூன்றாவது மேசையில் ஆதார் நகல் கேட்டார்கள், என்னுடையதைத்தான். நகல் எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் பறவை செத்துவிட்டது. அதனால் மருத்துவர் முதலில், மனு பிறகு.

ஜன்னலுக்கு உள்ளே திரை போட்டுப் பயனில்லை, கண்ணாடியில் மரம் தெரியத்தான் செய்யும். கொசுவலையை வெளிப்பக்கம், கண்ணாடியை ஒட்டாமல் சற்று விலக்கி இழுத்துக் கட்டுங்கள். கார்த்திகை முடியும்வரையாவது இருக்கட்டும்.