எஃபோ ரிரோ ஏன் நீர்த்துப்போகிறது?

கேள்வி: நைஜீரியாவின் எஃபோ ரிரோ கீரைக் குழம்பை வீட்டில் இரண்டு முறை செய்தேன். இரண்டு முறையும் சூப் மாதிரி தண்ணீராகிவிட்டது. எங்கே தப்பு?

பதில்: தண்ணீர் கீரையிலிருந்தும் வருகிறது, அரைத்த மிளகாயிலிருந்தும் வருகிறது. யொருபா மக்கள் இதற்குப் போடும் ஷோக்கோ கீரையையோ தண்டுக்கீரையையோ கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, ஆறியதும் கையில் உருட்டி, சொட்டு நிற்கும்வரை பிழியுங்கள். பசலை என்றால் இன்னும் அழுத்திப் பிழிய வேண்டும். சிவப்புக் குடைமிளகாய், வெங்காயம், கொஞ்சம் ஸ்காட்ச் பானெட் மிளகாய் மூன்றையும் கொரகொரப்பாக அரைத்தால் போதும், மைய வேண்டாம். சிவப்புப் பாமாயிலைச் சூடாக்கி (புகைய விடாதீர்கள், மணமே போய்விடும்) அந்த விழுதைப் போட்டு, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து மினுமினுக்கும்வரை வதக்குங்கள், பெரும்பாலானவர்கள் அவசரப்படுவது இங்கேதான். அப்புறம் வெந்த இறைச்சி, உலர்ந்த இறால் பொடி, 'இரு' என்கிற புளிக்கவைத்த லோகஸ்ட் பீன் (ஓர் ஆப்பிரிக்க மரத்தின் விதை). அதன் வாடையைப் பார்த்துப் பயந்து விட்டுவிடாதீர்கள், குழம்பின் ஆழமே அதில்தான் இருக்கிறது. கீரை கடைசியில், மூடாமல், மூன்று நான்கு நிமிடம்தான். 'ரிரோ' என்றாலே கிளறியது என்று அர்த்தம், மிதக்கவிடுவது இல்லை. வேகவைத்து இடித்த யாம் கிழங்கோடு (வள்ளிக்கிழங்கு வகை, நம் சேனை அல்ல) சாப்பிட்டுப் பாருங்கள்.