டெக்சாஸ் பழைமைவாதக் குழுவின் மாதக் கூட்டம்: கேள்வி பதில்

டெக்சாஸ் புறநகர் ஒன்றில் இயங்கும் பழைமைவாதக் குழுவில் கூட்டக் குறிப்பு எழுதும் செயலாளர் நான். நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள்.

இந்த மாதிரிக் குழுக்கள் குடியரசுக் கட்சியின் கிளைகள்தானே?

பெரும்பாலானவை இல்லை. 2009 பிப்ரவரியில், வீட்டுக் கடன் கட்ட முடியாதவர்களுக்கு அரசு உதவுவதை எதிர்த்து ரிக் சாண்டெல்லி என்ற தொலைக்காட்சிச் செய்தியாளர் சிகாகோ நிதிச் சந்தையில் நின்று பொரிந்து தள்ளினார். ஏப்ரல் 15, வரித் தாக்கலின் கடைசி நாள், ஊர் ஊராகப் போராட்டம். அரசுச் செலவையும் வரியையும் எதிர்த்த அந்த 'டீ பார்ட்டி' இயக்கத்தின் அலையில் முளைத்த குழுக்கள் ஏராளம். மறு ஆண்டுத் தேர்தலில் பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சிக்கு 63 இடங்கள் கூடின. இந்தக் குழுக்காரர்கள் கட்சிக்கு ஓட்டும் கேட்பார்கள். அதே வாயால் கட்சித் தலைமையை வறுத்தும் எடுப்பார்கள்.

அண்ணா, கூட்டத்தில் அப்படி என்னதான் நடக்கிறது?

முதலில் பிரார்த்தனை, பிறகு கொடியைப் பார்த்து உறுதிமொழி. 'கடவுளின் கீழ்' என்ற சொற்கள் அதில் 1954-இல்தான் சேர்ந்தன; எங்கள் கூட்டத்தில் அந்த இடத்தில் மட்டும் குரல் உயரும். பொருளாளர் கணக்கு வாசிப்பார். அதன்பின் சிறப்புப் பேச்சாளர்: ஷெரீஃப் (மக்கள் தேர்ந்தெடுக்கும் காவல் அதிகாரி), உள்ளூர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி வாரியத்துக்கான வேட்பாளர், சொத்து வரியைப் பிரித்து மேய்கிற யாராவது ஒருவர். கைதட்டல் முடிந்ததும் பாதி நாற்காலிகள் காலியாகிவிடும்.

எழுந்து போகிறவர்கள் பந்தியில் இலை போடுமுன்பே கிளம்புகிறார்கள். உண்மையான வேலை அப்புறம்தான். ஒரு அட்டையில் செருகிய தாள் கைமாறி வரும். இடப்பக்கம் வாக்குச்சாவடிப் பகுதிகளின் எண்கள், வலப்பக்கம் பெயர் எழுத இடம். பல எண்களுக்கு எதிரே வெற்றிடம். அங்கே பெயர் எழுதுகிறவர்தான் வீடு வீடாகப் போகிறார். பள்ளி வாரியத்துக்கு யாரை ஆதரிப்பது என்ற பேச்சில் அவர் சொல்லுக்கே எடை.

பிரிசிங்ட் சேர் என்கிறார்களே, பெரிய பதவியா?

சம்பளம் கிடையாது, ஆனால் கனமான பதவி. ஒரு வாக்குச்சாவடிப் பகுதிக்குக் கட்சியின் பொறுப்பாளர் அவர். டெக்சாஸில் இரட்டைப்படை ஆண்டுகளில் மார்ச் மாத பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளர்களைத் தேர்வு செய்யும் முதற்கட்டத் தேர்தலில், தேர்வாகிறார். இரண்டு ஆண்டுப் பதவி. காலியிடம் விழுந்தால் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) கட்சி நிர்வாகக் குழுவே நிரப்பிக்கொள்ளும். அந்தக் குழு என்பதே இந்தப் பொறுப்பாளர்களும் கவுண்டியின் கட்சித் தலைவரும்தான். போட்டியே இல்லாமல் கிடைக்கும் இந்த நாற்காலியை நம்மவர்கள் கண்டுகொள்வதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். வரலாமா?

தாராளமாக வரலாம், சம்பளம் வாங்காமல் தொண்டும் செய்யலாம். தேர்தல் நன்கொடை மட்டும் கூடாது. கூட்டாட்சி முதல் உள்ளூர்த் தேர்தல் வரை தடை. எந்தச் செலவுக்கு என்று தெரியாத உண்டியல் சுற்றி வந்தால் பக்கத்து நாற்காலிக்குத் தள்ளிவிடுங்கள். கிரீன் கார்டு இருந்தால் நன்கொடை தரலாம், ஓட்டுப் போட முடியாது. வாசல் மேசையில் வாக்காளர் பதிவுப் படிவத்தைச் சிரித்த முகத்தோடு நீட்டுவார்கள். குடியுரிமை பெறும்வரை அதில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். நாடு கடத்தல்வரை கொண்டுபோய்விடும்.

ஐயா, சண்டை வருமா?

வராமல் இருக்குமா? அதற்குத்தான் கூட்டம் நடத்தும் முறையைச் சொல்லும் ராபர்ட் விதிகள். ஹென்றி ராபர்ட் என்ற ராணுவப் பொறியாளர் 1876-இல் வெளியிட்டவை. முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர், பிறகே விவாதம். ஆனால் விதி தெரிந்தவர் விதி மீறப்பட்டது என்று 'ஒழுங்குப் பிரச்சினை' எழுப்பியே பிடிக்காத தீர்மானத்தை இழுத்தடித்துவிடுவார். கோரம் (முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) இருக்கிறதா என்று தலையெண்ணச் சொல்வது இன்னொரு உத்தி. பாதிப்பேர் கிளம்பிய பிறகு அது நன்றாகவே வேலை செய்யும்.

எனக்கு இந்தக் கொள்கையில் உடன்பாடில்லை. வேடிக்கை பார்க்கலாமா?

எங்கள் கூட்டத்துக்கு வரலாம். பெயர் அட்டையை ஒட்டிக்கொண்டு உட்காருங்கள், கேள்வி நேரத்தில் கேளுங்கள். தீர்மானத்தில் கை தூக்கி வாக்களிக்கும் உரிமை சந்தா கட்டிய உறுப்பினருக்கு மட்டுமே.