எந்த வருஷத்துப் படம் இது? கேள்வி-பதில்

கே: பாட்டி, அம்மா, சித்தி இருக்கும் குரூப் போட்டோ. பாட்டியின் சேலைக்கட்டை வைத்து 1920 என்று நினைக்கிறேன். சரியா?

ப: பாட்டியை விடுங்கள். வயதானவர்கள் இளமையில் பழகிய கட்டையே கடைசிவரை கட்டுவார்கள். இருபது வயதை ஒட்டிய பெண்ணைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் சித்திக்குப் பஃப் கை ஜாக்கெட், முழங்கைக்கு மேல் நிற்கிறது. 1940-களைச் சுற்றித் தேடுங்கள்.

கே: தாத்தாவுக்குக் குடுமி. 1900-க்கு முந்தையதா?

ப: குடுமி காலம் சொல்லாது, 1950-லும் இருந்தது. பக்கத்தில் நிற்கும் மகனின் கிராப்பு சொல்லும். அப்பா குடுமி, மகன் கிராப்பு என்றால் பெரும்பாலும் 1920-க்கும் 1940-க்கும் இடையில். கோட்டை வைத்து வசதியைக் கணக்கிடாதீர்கள். கோட்டு, கைக்கடிகாரம், மேஜைமேல் இருக்கும் புத்தகம் எல்லாம் ஸ்டுடியோக்காரர் கொடுத்ததாக இருக்கலாம்.

கே: கொள்ளுப்பாட்டி வெள்ளைச் சேலையில் இருக்கிறார். அப்படியானால் கொள்ளுத்தாத்தா இறந்த பிறகு எடுத்ததுதானே?

ப: அவசரம் வேண்டாம். 1930-கள் வரை, பல ஸ்டுடியோக்களில் அதற்குப் பிறகும், சிவப்பை உணராத தகடும் பிலிமும்தான் புழங்கின. அவற்றில் வெளிர் நீலம் வெள்ளையாக விழும், அரக்கு கறுப்பாக விழும். நெற்றியைப் பாருங்கள். கறுப்புப் பொட்டு தெரிந்தால் அது பெரும்பாலும் குங்குமம்.

கே: மங்கிய படத்தைச் செயலியில் தெளிவாக்கி, கலரும் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். சேலை மயில்கழுத்து நிறம். வருஷம் சொல்ல முடியுமா?

ப: முடியாது. இதை எத்தனை முறை எழுதுவது! செயலி படத்தில் இருப்பதைத் தெளிவாக்குவதில்லை, இல்லாததை ஊகித்து வரைகிறது. அசலின் நகலையும் கூடவே வைத்தீர்களே, அதனால் தப்பித்தோம். அசலில் ஜாக்கெட் கை தோளில் சுருக்கு வைத்துத் தைத்தது. செயலி அதை வழித்துத் தட்டையாக்கிவிட்டது. கழுத்தோரத்து லேஸ் நெக்லஸாகிவிட்டது. நேர் வகிடு கோண வகிடாகிவிட்டது. கை, கழுத்து, வகிடு: நான் முதலில் பார்க்கும் மூன்றும் போயின. மயில்கழுத்து அந்த மென்பொருளின் கற்பனை. சாம்பல் நிறத்திலிருந்து அசல் நிறத்தை மீட்க வழியே கிடையாது.

செய்ய வேண்டியது இது. மேஜை ஸ்கேனரில் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), சின்னப் படமானால் 1200. கறுப்பு-வெள்ளைப் படமானாலும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள், தாளின் பழுப்பும் ஒரு தடயம். அட்டையோடு முழுசாக, ஓரம் வெட்டாமல். அட்டையிலிருந்து படத்தை உரிக்காதீர்கள். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக அல்ல, டாக்குமெண்டாக. இல்லாவிட்டால் அது சுருக்கிவிடும்.

கே: கல்யாணப் படம் 1935 என்கிறார்கள். தாள் மட்டும் பளிச்சென்று இருக்கிறதே?

ப: மறுபிரதியாக இருக்கலாம். கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கை இருட்டில் காட்டுங்கள். நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் தாள் சுமார் 1950-க்குப் பிந்தையது. உடை சொல்வது எடுத்த காலம், தாள் சொல்வது அச்சிட்ட காலம்.

கே: முந்தானை வலது தோளில் இருக்கிறது. படம் திருப்பி அச்சானதா?

ப: ஆண்களின் சட்டைப் பையைப் பாருங்கள். அது இடது மார்பில்தான் இருக்கும். சரியாக இருந்தால் படமும் சரி. ஐயர் வீட்டு மடிசாரில் முந்தானை வலப்பக்கம் வரும்.

கே: மாமா பெல்பாட்டம், நீளக் காலர், காதை மூடிய முடி. எந்த ஆண்டு?

ப: எழுபதுகள். இதற்குமேல் உடையால் நெருங்க முடியாது, பின்பக்கம் வேண்டும். (அனுப்பவில்லை நீங்கள்.) ஸ்டுடியோ முத்திரையில் 'சென்னை-4' என்றிருந்தால் பழைய வழக்கம், 'சென்னை-600 004' என்றிருந்தால் பின்கோடு வந்த 1972 ஆகஸ்டுக்குப் பிறகு. முத்திரையின் 'லை', 'னை' புது வடிவமானால் பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின். பழைய வடிவம் எதையும் நிரூபிக்காது, ரப்பர் ஸ்டாம்ப் தேயும்வரை குத்துவார்கள்.

கே: மடியில் இருக்கும் குழந்தை பின்னலும் பூவுமாக இருக்கிறது. பெரிய அத்தைதானே?

ப: பெரியப்பாவாகவும் இருக்கலாம். முடி இறக்குவதற்கு முன் ஆண் குழந்தைக்கும் சடை பின்னிப் பாவாடை கட்டிப் படம் எடுப்பது உண்டு. இருவர் பிறந்த ஆண்டையும் எழுதுங்கள். கைக்குழந்தையின் வயதை ஒரு வருஷம் முன்பின்னாகச் சொல்லிவிடலாம், எந்த ஜாக்கெட்டும் அவ்வளவு துல்லியமாகச் சொல்லாது. பின்பக்கத்தையும் அனுப்புங்கள்.