கேள்வி–பதில்: கோட் கொடுத்ததும் வட்ஸ்அப் போய்விட்டது

கேள்வி: கனடாவில் இருக்கும் மச்சாளின் வட்ஸ்அப்பிலிருந்து, "தவறுதலா உங்கட போனுக்கு ஒரு கோட் வந்திட்டுது, அனுப்பிவிடுங்கோ" என்று வந்தது. அனுப்பினேன். என் வட்ஸ்அப் நின்றுவிட்டது. இப்போது என் பெயரில் சொந்தக்காரரிடம் காசு கேட்கிறார்கள்.
– வாசகி, சுன்னாகம்

பதில்: நீங்கள் அனுப்பிய 6 இலக்கக் கோட் உங்கள் கணக்கின் திறப்பு. மச்சாளின் கணக்கும் முன்னரே பறிபோயிருக்கும். அவருக்குச் சாதாரண அழைப்பு எடுத்துச் சொல்லுங்கள். சொந்தக்காரருக்கும் அப்படியே, இன்றைக்கே.

பிறகு வட்ஸ்அப்பைத் திறந்து உங்கள் இலக்கத்தைக் கொடுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் புதுக் கோட்டைப் போட்டதும் கள்ளன் தானாக வெளியேற்றப்படுவான். "இத்தனை மணித்தியாலம் பொறுங்கள்" என்று காட்டினால் பொறுங்கள். திரும்பத் திரும்ப அமத்தினால் காத்திருப்பு நீளும்.

நீங்கள் வைக்காத 'பின்' (PIN) எனும் இரகசிய இலக்கத்தைக் கேட்டால், அது அவன் வைத்தது. அந்தப் 'பின்' இல்லாமல் உள்ளே போக 7 நாள் ஆகும். பயப்படாதீர்கள், புதுக் கோட்டைப் போட்டுவிட்டால் அந்த நாட்களில் அவனாலும் பாவிக்க முடியாது. பழைய உரையாடல்கள் உங்கள் போனிலேயே இருப்பதால் அவை அவனுக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் இருக்கும் குழுக்களும் அதிலுள்ள இலக்கங்களும் தெரியும்.

கணக்கு திரும்பியதும் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியில் தெரியாதவற்றை நீக்கி, இரட்டைச் சரிபார்ப்பில் (Two-step verification) உங்கள் 'பின்'னையும் மின்னஞ்சலையும் பதியுங்கள்.

யாராவது காசு போட்டிருந்தால் அவர் உடனே தன் வங்கிக்கு அறிவிக்க வேண்டும். இணையப் பாதுகாப்புப் பிரச்சினைகளுக்கு உதவும் அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் (Sri Lanka CERT) தொலைபேசி இலக்கம் 101.